எம்டன்: பொருள், பயன்பாடு, பின்கதை

"அந்த ஆளு எம்டன்பா, பார்த்து நடந்துக்கோ."

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் இப்படி ஒரு வரியை எங்காவது கேட்டிருப்பார்கள். எம்டன் என்றால் என்ன என்று விசாரித்தால் ஒருவர் 'தந்திரசாலி' என்பார், இன்னொருவர் 'கறார் பேர்வழி' என்பார், வேறொருவர் 'எமன் மாதிரி ஆள்னு அர்த்தம்' என்று அடித்துச் சொல்வார். முதல் இரண்டும் சரி. எமனுக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே கிடையாது, இது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயரிலிருந்து வந்தது. ஆனால் அப்படித் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம்.

எதிராளி அசந்திருக்கும் நேரம் பார்த்து, அவர் நினைத்தே பார்க்காத பக்கத்திலிருந்து வந்து, காரியத்தை முடித்துக்கொண்டு போகிற ஆள்தான் எம்டன். ஏமாற்றுக்காரன் என்று இதற்கு நேர்ப்பொருள் இல்லை. எம்டன் ஏமாற்றலாம், ஏமாற்றாமலும் ஜெயிக்கலாம். சட்டத்துக்குள் நின்றபடியே எதிராளியை மடக்குகிறவரும் எம்டன்தான். இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர் குரலில் பயம் கொஞ்சம் இருக்கும், 'ஆளு கெட்டிக்காரன்யா' என்ற வியப்பும் கொஞ்சம் இருக்கும். வெறும் வெறுப்பைச் சொல்ல இது தோதான சொல் அல்ல. அதற்குத் தமிழில் வேறு சொற்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன.

ஒரு உதாரணம்:

"மாமா, இந்த ஹவுஸ் ஓனர் எம்டன் மாமா. காலி பண்றோம்னு சொன்ன அன்னைக்கே, நாலு வருஷத்துக்கு முந்தி நாம குடிவந்தப்போ எடுத்த போட்டோவை எடுத்து நீட்டுறார். அதுல சுவத்துல ஒரு ஆணி கூட இல்ல."

இங்கே வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. ஆணி அடித்தது குடியிருந்தவர்கள்தான். ஆனால் குடிவந்த நாளிலேயே படம் பிடித்து, நான்கு வருடம் வாய் திறக்காமல் வைத்திருந்து, அட்வான்ஸ் கணக்குப் பார்க்கும் நாளில் வெளியே எடுத்தார் பாருங்கள், அதற்குத்தான் இந்தப் பட்டம். செய்யாத பெயின்ட் வேலைக்குப் பில் போட்டு அட்வான்ஸை அமுக்கியிருந்தால் அவரை எம்டன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பிராடு என்பார்கள்.

இரண்டாவது பொருள் கறார். "எங்க ஹெச்.எம். பெரிய எம்டன். அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே வராந்தாவுல ஈ காக்கா இருக்காது." இங்கே தந்திரம் பின்னுக்குப் போய்விட்டது, பயம் மட்டும் நிற்கிறது. பையன்கள் பேச்சில் அப்பா, தலைமையாசிரியர், விடுதிக் காப்பாளர், கல்லூரி முடித்த பிறகு மேனேஜர் என்று வரிசையாக எல்லோரும் இந்தப் பெயருக்கு ஆளாவார்கள். 2006இல் கண்டிப்பான தகப்பனையும் மகனையும் வைத்து எடுத்த ஒரு படத்துக்கு 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்ததும் இந்தப் பொருளில்தான். அந்த ஆண்டு தமிழ்ப் பெயருள்ள படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு வந்ததால், அது 'எம் மகன்' என்று சுருங்கியது. ஊரே புழங்குகிற ஒரு சொல், வரி விஷயம் வந்ததும் தமிழ் இல்லை என்றாகிவிட்டது!

மூன்றாவது, செல்லம். குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது பயம் வடிந்து வியப்பு மட்டும் மிஞ்சும்.

"பாட்டி, இவன் சரியான எம்டன் பாட்டி. முறுக்கு டப்பாவைப் பரண்ல வெச்சாலும் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்திருக்கான். எடுத்துட்டு மூடியை மறுபடி இறுக்கி மூடியும் வெச்சிருக்கான்."

அந்த மூடியை மூடி வைத்ததுதான் இங்கே முக்கியம். டப்பாவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடியிருந்தால் அவன் வெறும் வாலு. தடயத்தை மறைக்கத் தெரிந்ததால் எம்டன் ஆகிவிட்டான்.

கப்பல் எப்படி ஆள் ஆனது

எம்டன் என்பது வடமேற்கு ஜெர்மனியில், எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஒரு துறைமுக நகரத்தின் பெயர். அந்தப் பெயரை ஜெர்மன் கடற்படை ஒரு போர்க்கப்பலுக்கு வைத்தது. டான்சிக் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டி 1908இல் கடலில் இறக்கப்பட்ட, இலகு குரூசர் என்ற, வேகமாக ஓடும் சிறிய போர்க்கப்பல் வகையைச் சேர்ந்தது அது. நீளம் சுமார் 118 மீட்டர், 10.5 செ.மீ. வாய் கொண்ட 10 பீரங்கிகள், நிலக்கரியில் ஓடும் எஞ்சின், மணிக்கு 23 கடல் மைலுக்குமேல் வேகம். அந்தக் காலப் பெரிய போர்க்கப்பல்களோடு ஒப்பிட்டால் இது சின்ன உருப்படி. நேருக்கு நேர் நின்று மோதினால் தாங்காது. அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் செய்த எல்லா வேலைகளுக்கும் இந்தப் பலவீனம்தான் காரணம்: மோத முடியாதவன் ஒளிந்து வந்து அடித்துவிட்டு ஓட வேண்டும்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியபோது எம்டன் சீனக் கடலோரத்தில், ஜெர்மனியின் கையில் இருந்த சிங்தாவ் துறைமுகத்தைச் சேர்ந்த படைப்பிரிவில் இருந்தது. மற்றக் கப்பல்கள் பசிபிக் பக்கம் போக, எம்டன் மட்டும் தனியாக இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தது. வழியிலேயே ஒரு வேஷம் போட்டார்கள். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று, அந்தப் பக்கம் சுற்றிய பிரிட்டிஷ் குரூசர்களில் சிலவற்றுக்கு நான்கு. மரச்சட்டமும் கித்தானும் வைத்து நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றைச் செய்து நிறுத்திக்கொண்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் 'யார்மத்' என்ற பிரிட்டிஷ் கப்பல் மாதிரி இருக்கும். வணிகக் கப்பல்கள் 'நம்ம ஆளு' என்று நினைத்து அருகே வந்து மாட்டிக்கொண்டன.

செப்டம்பர் 10ஆம் தேதி வாக்கில் வங்காள விரிகுடாவில் வேட்டை தொடங்கியது. நடுக்கடலில் சொந்தத் துறைமுகம் ஏதும் இல்லாமல் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று கேட்கலாம். பிடித்த கப்பல்களின் நிலக்கரியும் சாப்பாடும்தான் அவர்களுக்குப் படி. 'இன்டஸ்' என்ற கப்பலில் ஏகப்பட்ட சோப்பு கிடைத்தது, கையிருப்புச் சோப்பு தீரும் நிலையில் இருந்தவர்களுக்கு அது பெரும் கொண்டாட்டம். 'பியூரெஸ்க்' என்ற கப்பலில் முதல் தரமான வேல்ஸ் நிலக்கரி ஆறாயிரம் டன்னுக்குமேல் இருந்தது. எதிரியின் கரியை எரித்தே எதிரியை விரட்டினார்கள். பிடிபட்டவர்களை முல்லர் கொல்லவில்லை, கொடுமைப்படுத்தவும் இல்லை. 'கபிங்கா' என்ற கப்பலை மூழ்கடிக்காமல் விட்டு, அதில் எல்லோரையும் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பி வைத்தார். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பத்திரிகைகளே அவரைக் கண்ணியமான எதிரி என்று எழுதின. சொல்லில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் வியப்புக்கு இதுவும் ஒரு காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. போர்க்காலம் என்றாலும் துறைமுகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கரையிலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் கஜம் வரை நெருங்கி, தேடுவிளக்கை அடித்து, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்தார்கள். 125 முதல் 130 குண்டுகள் வரை சுட்டார்கள். எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலும் அடிபட்டது, சிலர் இறந்தார்கள். உயர் நீதிமன்ற வளாகத்திலும் குண்டு விழுந்தது, அதன் நினைவாகச் சுற்றுச்சுவரில் பதித்த கல்லை இன்றும் பார்க்கலாம். கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன, எம்டன் மேல் ஒன்றும் படவில்லை. விளக்கை அணைத்துக்கொண்டு இருட்டில் மறைந்துவிட்டது.

பொருட்சேதம் என்று பார்த்தால் ஒரு பெரிய நகரத்துக்கு இது தாங்கக்கூடியதுதான். ஆனால் பிரிட்டிஷ் கொடி பறக்கும் கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில், கடலில் தனியாக வந்த ஒரே ஒரு கப்பல் சுட்டுவிட்டுச் சிராய்ப்பு கூட இல்லாமல் போனது என்ற செய்தி நகரத்தை ஆட்டிவிட்டது. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ரயிலேறி ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அப்போது வானொலி கிடையாது. எம்டன் எங்கே இருக்கிறது என்று பிரிட்டிஷ் கடற்படைக்கே தெரியாத நிலையில், வதந்திதான் செய்தி. 'எங்கேயும் இல்லை, எங்கே வேண்டுமானாலும் இருக்கும்' என்ற அந்தப் பயம்தான் அப்படியே சொல்லுக்குள் போய் உட்கார்ந்தது.

அதன் பிறகு எம்டன் இலங்கையைச் சுற்றி மினிக்காய் பக்கம் போய் மேலும் கப்பல்களைப் பிடித்தது. அக்டோபரில் தியாகோ கார்சியா தீவில் நங்கூரமிட்டபோது நடந்தது, இந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்பவர்களிடம் சொல்வதற்கென்றே நடந்ததைப் போன்றது. அந்தத் தீவுக்குப் போர் மூண்ட செய்தியே எட்டியிருக்கவில்லை. பிரிட்டிஷ் தீவில் ஜெர்மன் கப்பலுக்கு நல்ல வரவேற்பு! ஜெர்மானியர்கள் போரைப் பற்றி வாயே திறக்காமல், கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நிலக்கரி ஏற்றிக்கொண்டு, போதாக்குறைக்குத் தீவு மேலாளரின் பழுதான மோட்டார் படகையும் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அக்டோபர் 28 விடியற்காலையில் பொய்ப் புகைபோக்கியோடு பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து, கடைசி நேரத்தில் ஜெர்மன் கொடியை ஏற்றி, 'ஷெம்சுக்' என்ற ரஷ்யக் குரூசரை மூழ்கடித்தது. வெளியேறும்போது ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் முடித்தது. நவம்பர் 9இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை உடைக்கப் போனபோதுதான் கணக்கு தப்பியது. நிலையத்து ஆட்கள் முந்திக்கொண்டு சேதி அனுப்பிவிட, பக்கத்தில் வந்துகொண்டிருந்த 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியக் குரூசர் வந்து சேர்ந்தது. அதன் பீரங்கிகள் பெரியவை, அதிக தூரம் எட்டக்கூடியவை. எம்டன் அடி வாங்கி, வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏறி நின்றது. 130 பேருக்குமேல் மாண்டார்கள். கரையில் இறங்கியிருந்த ஐம்பது பேரோ, தீவில் கிடந்த 'ஆயிஷா' என்ற பழைய பாய்மரக் கப்பலைக் கிளப்பிக்கொண்டு தப்பி, சுமத்ரா, அரேபியா வழியாகப் போனார்கள், வழியில் சிலர் இறந்தாலும் பெரும்பாலோர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். உயிர் பிழைத்த எம்டன் வீரர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்பதைச் சேர்த்துக்கொள்ளப் பிற்பாடு ஜெர்மனியில் அனுமதி கிடைத்தது.

இந்தக் கதையோடு செண்பகராமன் பிள்ளை பெயரும் அடிக்கடி வரும். ஜெர்மனியில் இருந்து இந்திய விடுதலைக்கு வேலை செய்த அந்தத் திருவனந்தபுரத்துத் தமிழர், எம்டன் கப்பலில் கூடவே வந்து வழிகாட்டினார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, உறுதியான சான்று இல்லை. சொல்லின் கதையை எழுதுகிறவர்கள் அதைத் தனியாக வைப்பது நல்லது.

கப்பல் ஆட்டம் போட்டது மூன்றே மாதம். அந்தப் பெயர் தமிழில் நூறாண்டு தாண்டி நிற்பதற்கு அதன் ஓசையும் ஒரு காரணம். 'அன்' என்று முடிவது தமிழ்க் காதுக்கு ஆண்பாலாகக் கேட்கும்: கள்ளன், முரடன், எத்தன், கபடன். அந்த வரிசையில் எம்டன் இயல்பாகப் போய் நின்றுகொண்டது. அதே போரில் ஓடிய ஷார்ன்ஹார்ஸ்ட் என்ற கப்பல் சென்னையைச் சுட்டிருந்தால் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழைந்திருக்காது. முன்பாதி 'எம்' என்று தொடங்குவதால் எமன், எமகாதகன், எமகண்டம் எல்லாம் நினைவுக்கு வந்து பயத்தைக் கூட்டுகின்றன. 'எமனிலிருந்து வந்தது' என்று பலர் நம்புவது இதனால்தான்.

ஒரே ஆள், ஆறு பெயர்

தந்திரக்காரர்களைக் குறிக்கத் தமிழில் உள்ள சொற்களை அகராதியில் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பொருள் போட்டிருப்பது போலத் தோன்றும். பேச்சில் அவை கலக்கவே கலக்காது. வித்தியாசத்தைப் பார்க்க ஒரு நிலத் தரகரை எடுத்துக்கொள்வோம்.

அவர் விற்பவரிடம் ஒரு பேச்சு, வாங்குபவரிடம் ஒரு பேச்சு பேசி, இருவர் மனதிலும் உள்ள விலையைத் தெரிந்துகொண்டு, நடுவில் ஒரு விலைக்கு முடித்து, இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கினால் அவர் கில்லாடி. விளையாட்டுக்காரன் என்ற பொருளுள்ள வடக்கத்திச் சொல்லிலிருந்து வந்தது இது. திறமைக்குத்தான் அழுத்தம், பெரும்பாலும் பாராட்டு. 'பலே' சேர்த்தால் இன்னும் ஒரு படி மேலே.

இல்லாத நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிட்டால் அவர் எத்தன். இன்றைய பேச்சில் பிராடு. இங்கே வியப்புக்கு இடமில்லை, பணம் போனவன் வயிற்றெரிச்சல்தான் இருக்கிறது. அதையே வேலையாக வைத்திருந்து போலீஸில் பெயர் பதிவாகியிருந்தால் கேடி. பிரிட்டிஷ் கால போலீஸ் பதிவேட்டில் தெரிந்த குற்றவாளிகளின் பெயருக்கு நேரே போட்ட 'கே.டி.' (Known Depredator) என்ற இரண்டு எழுத்துகளிலிருந்து வந்தது என்று பரவலாக ஒரு விளக்கம் உண்டு. 'கேடு' என்ற தமிழ்ச் சொல்லும் பக்கத்திலேயே இருப்பதால் சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. சினிமாவும் கிண்டலும் சேர்ந்து இப்போது 'டேய் கேடி' என்று நண்பனைக் கூப்பிடும் அளவுக்கு அதன் கூர் மழுங்கியிருக்கிறது.

பங்காளிகள் இருவரையும் தனித்தனியாகச் சந்தித்து, 'உங்க அண்ணன் உங்களை இப்படிச் சொன்னாரே' என்று மூட்டிவிட்டு, சொத்து விற்பனைக்கு வரும்வரை சண்டையை வளர்த்தால் அவர் சகுனி. எத்தனை பேர் என்ன கேட்டாலும் 'பார்க்கலாம்' என்று ஒரே பதிலோடு ஆறு மாதம் உட்கார்ந்திருந்து, எல்லோரும் சலித்துப்போய் அவர் சொன்ன விலைக்கு வந்தால் கல்லுளிமங்கன், இல்லாவிட்டால் அழுத்தக்காரன்.

எம்டன் எப்போது? விலை பேசி முடிந்து, பத்திரம் எழுதும் நாளில், எல்லோரும் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அதுவரை யாருமே கண்டிராத 1987ஆம் வருடத்து வில்லங்கச் சான்று ஒன்றை அமைதியாக எடுத்து மேசையில் வைக்கிறாரே, அப்போது. சான்று உண்மையானது. அதைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று மாதம் டீ குடித்துச் சிரித்துப் பேசியிருக்கிறார். விலை அந்த நிமிடத்தில் பாதியாகிறது. வெளியே வந்து வாங்கியவர், விற்றவர் இருவருமே சொல்வார்கள்: "எம்டன்யா இந்த ஆளு."

இலங்கைத் தமிழில் இந்த இடத்துக்குச் 'சுழியன்' என்ற நல்ல சொல் இருக்கிறது. 'அவன் சரியான சுழியன்' என்றால் சுற்றி வளைத்து வேலை பார்க்கிறவன் என்று அர்த்தம். எம்டனில் உள்ள அதிர்ச்சி அதில் இல்லை, நெளிவு சுளிவு அதிகம்.

எழுத்தில் பலர் தடுமாறுவது 'கயவர்' என்ற சொல்லில். தந்திரக்காரனுக்கு இலக்கியத் தமிழ் வேண்டும் என்று நினைத்து அதைப் போடுகிறார்கள். திருக்குறளில் கயமை என்று தனி அதிகாரமே, 108ஆவது, இருக்கிறது. அது கீழ்மைக் குணத்தைப் பேசுகிறது. தந்திரம் அதற்குக் கட்டாயமில்லை. மூளையே இல்லாதவனும் கயவனாக இருக்கலாம், எம்டனாக இருக்க முடியாது. இலக்கிய நடையில் தந்திரத்தைச் சொல்ல வேண்டுமானால் வஞ்சகன், கபடன், சூழ்ச்சிக்காரன் ஆகியவற்றுள் ஒன்றை எடுக்கலாம்.

யாரிடம், எப்படி

எம்டன் பெரும்பாலும் ஆள் இல்லாத இடத்தில் சொல்லும் சொல். முகத்துக்கு நேரே சொல்லலாம் என்றால் அது நண்பன், தம்பி, தங்கை, குழந்தை: "நீ எம்டன்டா!" வயதில் மூத்தவரையோ மேலதிகாரியையோ நேரில் 'நீங்க எம்டன் சார்' என்றால், சிரிப்போடு சொன்னாலும் பாதிப் பேருக்குச் சுருக்கென்று இருக்கும். அவரைப் பற்றி மற்றவரிடம் சொல்லும்போது மரியாதையைக் குறைக்க வேண்டியதில்லை. 'அவர் பெரிய எம்டன்' என்று பலர்பாலோடு தாராளமாக வரும். மாமனாரைப் பற்றி மாப்பிள்ளை தன் நண்பனிடம், "எங்க மாமனார் எம்டன்டா, வரவு செலவு நோட்டை அவர்கிட்ட காட்டாதே" என்பார். அதே வாக்கியம் மனைவி காதில் விழுந்தால் தனிக் கதை.

பெண்களுக்கும் இதே வடிவம்தான். 'எம்டி' என்றோ 'எம்டள்' என்றோ யாரும் சொல்வதில்லை. "எங்க சின்ன அத்தை இருக்காங்களே, எம்டன்! சீட்டுக் கணக்குல ஒத்தை ரூபா தப்பாது." வினைமுற்று பெண்பாலில் வரும், பெயர் மாறாது. பன்மை தேவைப்பட்டால் 'எம்டனுங்க' என்று பேச்சில் இழுப்பார்கள். 'எம்டன்கள்' என்று எழுதினால் படிக்க ஒட்டாது, 'எல்லாருமே எம்டன்தான்' என்று வாக்கியத்தைத் திருப்பிவிடுவது மேல். முன்னால் சேரும் அடைகள் 'சரியான', 'பெரிய', 'பலே' போன்ற சிலதான். 'கொஞ்சம் எம்டன்' என்று சொல்வதில்லை. ஒருவர் எம்டன் அல்லது இல்லை. இதிலிருந்து வினைச்சொல்லும் பிறக்கவில்லை. 'ஆட்டையைப் போட்டான்', 'அல்வா கொடுத்தான்' மாதிரி ஒரு வினை வேண்டுமானால் வேறு பக்கம்தான் போக வேண்டும்.

எழுத்துக்கூட்டலில் 'எம்டன்' என்பதே நிலைத்துவிட்டது. பழைய இலக்கணப்படி தமிழில் ம் என்ற மெய்யை அடுத்து ட வராது. அதனால்தான் வேகமாகப் பேசும்போது நாக்கு இடையில் ஒரு உயிரைச் செருகி 'எமடன்', 'எமண்டன்' என்று நெகிழ்த்தும். உரையாடலில் பாத்திரத்தின் பேச்சுக்கு ஏற்ப அப்படி எழுதலாம், கட்டுரையில் வேண்டாம்.

வரக்கூடாத இடங்களும் உண்டு. புகார் மனுவில் 'எதிர்மனுதாரர் ஒரு எம்டன்' என்று எழுதினால் அவர் என்ன தவறு செய்தார் என்பது யாருக்கும் விளங்காது, பாராட்டுகிறீர்களா என்ற சந்தேகமும் வரும். செய்தித் தலைப்பில் மோசடிக்காரர்களுக்கு இதைப் போடுவதும் அப்படித்தான், பணத்தை இழந்தவர்கள் வீட்டில் படிக்கும்போது கிண்டலாகத் தெரியும். இன்னொரு தடுமாற்றம் தலைமுறை சார்ந்தது. இருபது வயதுக்காரர்கள் பலருக்கு இந்தச் சொல் தாத்தா பேச்சு. அவர்களிடம் கறார் என்ற இரண்டாவது பொருள்தான் சட்டென்று போய்ச் சேருகிறது, அப்பாவுக்கு ஹிட்லர் என்று பெயர் வைக்கிற இடத்தில் எம்டனும் நிற்கிறது. தந்திரம் என்ற முதல் பொருளில் சொல்வதானால் என்ன செய்தார் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள், மேலே உள்ள எடுத்துக்காட்டுகள் பெரும்பாலானவற்றில் அந்த ஒரு வரி இருப்பதைக் கவனிக்கலாம்.

கேரளம் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே அதே கப்பலோடு சேர்த்துச் சொல்லப்படும் 'எமண்டன்' என்ற சொல்லுக்குப் பிரம்மாண்டமானது என்று அர்த்தம். எமண்டன் மீன் என்றால் மிகப் பெரிய மீன், தந்திரமான மீன் அல்ல. ஒரு மலையாளி உங்கள் கல்யாண விருந்தை எமண்டன் என்றால் மனதார மகிழலாம். இலங்கையில் அந்தக் காலத்தில் குழந்தைகளைத் தூங்க வைக்க 'எம்டன் வருது' என்று பூச்சாண்டி காட்டினார்கள், பின்னர் தொல்லை கொடுக்கும் ஆளைக் குறிக்கவும் அந்தப் பெயர் நின்றது. அங்கே சொல்லில் வியப்பு குறைவு, எரிச்சல் அதிகம். கொழும்பு நண்பரை 'நீ எம்டன்டா' என்று பாராட்ட நினைத்தால், முதலில் அவர் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.